மெழுகில் இருக்கிறவள்

ஜூலை 14, திங்கள்

இந்த டைரி என் சின்ன மகள் சலேத் வேலை பார்க்கும் லாட்ஜில் கொடுத்தது. பாதி வருஷம் போய்விட்டதால் யாரும் எடுக்கவில்லையாம். முன்பக்கங்களை விட்டுவிட்டு இன்றைய தேதியில் ஆரம்பிக்கிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும்.

நம் வீட்டில் யார் யாருக்கு என்ன வியாதி வந்தது என்று திருச்சி ஆஸ்பத்திரியில் நஸ்ரின் மேடம் எழுதச் சொன்னார். டாக்டர் என்று நினைத்துக் கும்பிட்டேன். டாக்டர் இல்லையாம். பரம்பரையாக வருகிற வியாதிக்கு என்ன சோதனை இருக்கிறது, செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வதுதான் அவர் வேலையாம். சின்ன வயசு. என் பிலோமி வயசுதான் இருக்கும்.

என்னைக் கூட்டிப்போனது சலேத். பிலோமி மார்ச் பதினொன்றாம் தேதி போனாள். மார்பில் வந்தது. முப்பத்து மூன்று வயசு, கல்யாணம் வேண்டாம் என்றே இருந்துவிட்டவள். அவளுடைய ஃபைலுக்குள் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு துண்டுத்தாள் இருந்ததாம். அதைப் படித்துவிட்டுச் சலேத் தானாகவே போன் போட்டு நாள் வாங்கியிருக்கிறாள். அக்காவுக்கு வந்தது தனக்கும் வருமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

மேடம் படம் போட்டுக் காட்டினார். எனக்கு ஏறவில்லை. "நீங்க என்ன தொழில் பண்றீங்கம்மா?" என்றார். வேளாங்கண்ணியில் கோயில் தெருவில் மெழுகுவத்திக் கடை, வீட்டிலேயே வார்க்கிறோம் என்றேன். "அப்ப சுலபம். அச்சுல ஒரு கீறல் இருந்தா வார்க்கிற வத்தியில என்ன ஆகும்?"

"கீறல் விழும்."

"அது மாதிரிதான். ஆனா ஒரு வித்தியாசம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு அச்சு. அம்மாவோடது ஒண்ணு, அப்பாவோடது ஒண்ணு. கீறல் இருக்கிற பக்கம் வரலாம், வராமலும் போகலாம். பூவா தலையா மாதிரி. கீறல் வந்தாலும் வியாதி வந்தே தீரும்னு இல்ல. முன்கூட்டியே தெரிஞ்சா பத்திரமா பாத்துக்கலாம்."

சலேத்துக்கு மட்டும் ரத்தம் எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்தால் அந்த 'இல்லை'யை அப்படியே நம்ப முடியாதாம். நம் வீட்டுக் கீறல் எது என்று முதலில் தெரிய வேண்டுமாம். அதற்கு வியாதி வந்தவளிடம் பார்ப்பதுதான் நல்லதாம். பிலோமிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தீர்களா என்றார். அப்போதே கேட்டார்கள், அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன்.

"ஆபரேஷன்ல எடுத்த சதையை மெழுகுக் கட்டியில பதிச்சு வச்சிருப்பாங்க. அதை உங்க கையில கொடுத்ததா ரெக்கார்டுல இருக்கு. அது கிடைச்சா அதுல பாக்க முயற்சி பண்ணலாம்."

அதைச் சவப்பெட்டிக்குள் அவள் கையோடு வைத்துவிட்டேன் என்றேன்.

சலேத் என்னைப் பார்த்தாள்.

மேடம் ஃபைலை மூடி வைத்தார். "பரவாயில்லம்மா. உங்க ரத்தத்துலயும் பாக்கலாம்" என்றார். எனக்குச் சளி பிடித்திருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வரும்போது சலேத் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

மேல்காற்று. திரி வெட்டினேன். தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற மணலுக்கு மூன்று தரம் தண்ணீர் தெளித்தேன்.

ஜூலை 19, சனி

மேடம் சொன்னபடி எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு. அவருடைய அப்பா கடலில் போனார். அம்மா காசநோய். அவர் வழியில் ஒரு சித்தப்பாவுக்குத் தொண்டையில் ஏதோ வந்தது. அதைப் பெரிதாக எழுதிக்கொள்கிறேன்.

என் பக்கம் பிறகு எழுதுகிறேன்.

மத்தியானம் கடையில் கண் அசந்தேன். கடல் முழுக்க மெழுகாய் உறைந்து கிடக்கிறது. வெள்ளை வெளேரென்று. அதன்மேல் பிலோமி செருப்பில்லாமல் நடந்து வருகிறாள். அவள் கால் வைக்கிற இடமெல்லாம் சூடு பட்டதுபோல் இளகிக் குழி விழுகிறது. "அம்மா, நடுவுல நிக்காத, உருகுது" என்கிறாள். விழித்துப் பார்த்தால் வாடிக்கை ஒருத்தி நிற்கிறாள்.

அந்தப் பெண் முக்காடு போட்டிருந்தாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கால் வலித்தால் மெழுகுக் கால் வாங்கி மாதாவுக்கு வைப்பார்கள். கண்ணுக்குக் கண், பிள்ளைக்குப் பொம்மை, வீடு கட்ட வீடு. இவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நெஞ்சு இருக்கா அக்கா?" என்றாள். இதயத்தை எடுத்துக் காட்டினேன். "அது இல்ல" என்று தரையைப் பார்த்தாள்.

அதற்கு அச்சு கிடையாது. யாரும் செய்வதில்லை. "சாயங்காலம் வாம்மா" என்றேன். இரண்டு டீ கிளாசில் மெழுகை ஊற்றி ஆறவிட்டு, கையால் உருட்டிச் சேர்த்துக் கொடுத்தேன். போன வருஷம் பிலோமிக்கும் அப்படித்தான் செய்தேன். அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு. "ஏம்மா, ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. மாதா குழம்பிடப் போறாங்க" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

நாத்தனார் லீமா ரோஸ் வந்தாள். சலேத்துக்குக் காரைக்காலில் பார்த்திருந்த ஜெரோம் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். வருகிற ஞாயிறு கோயிலில் முதல் கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு வாசித்து, மாதா திருவிழா முடிந்ததும் செப்டம்பர் கடைசியில் கல்யாணம் என்கிறாள். நல்ல பையன். துறைமுகத்தில் வேலை.

"திருச்சிக்கு எதுக்கு அண்ணி போனீங்க?"

"சும்மா, பிலோமி பேப்பர் வாங்க."

"பேப்பரோட நிறுத்திக்குங்க. ரத்தம் கித்தம் எடுத்தீங்கன்னு காரைக்காலுக்குத் தெரிஞ்சுது, பொண்ணுக்கே வியாதின்னு முடிவு கட்டிடுவாங்க. போனவ போயிட்டா. இருக்கிறவளைக் கரையேத்துங்க."

அடுப்பில் மீன்குழம்பைக் கிளறிக்கொண்டே சலேத் சொன்னாள், "நான் என்ன அத்தை, படகா?"

"வாயைப் பாரு. இந்த வாயோடதான் காரைக்கால் போகப் போறா."

பிறகு லீமா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளையடிக்க வேண்டும், இந்த மண்பானையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த மூலையில் கேன் தண்ணீர் வைக்க வேண்டும் என்றாள். பானையைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் ஓலை. ஃபாதர் வாசித்தார். சூசை அருளப்பன், அடைக்கலமேரி இவர்களின் மகள் சலேத் மேரி. என் பெயரை மைக்கில் கேட்டதும் வேறு யாரையோ சொல்வதுபோல் இருந்தது. கடைசியில் எப்போதும் வாசிக்கிறதுதான். இந்தத் திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். அந்த வரிக்கு அப்புறம் கோயில் இவ்வளவு நேரம் அமைதியாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என் பக்கம்.

அம்மா நாற்பத்தொரு வயசில் போனது. வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. பிள்ளை என்று முதலில் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் செய்வினை என்றார்கள். மஞ்சள்காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். இன்று வரைக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.

அம்மாவின் தங்கச்சி செங்கோல் சித்திக்கு ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். ரவிக்கைக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஜபமாலைக்கு வரும். பிறகு வராமல் போனது.

எழுதியதை ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்காரருடைய சித்தப்பாவை நான் அவ்வளவு பெரிதாக எழுதியிருக்க வேண்டாம்.

இன்று கடையிலிருந்து வந்து பார்த்தால் மணல் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. பானை கசிகிறதோ என்னவோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அதே வரி.

வெயில் நெருப்பு. கடையில் உயரமான வத்திகள் எல்லாம் தலை குனிந்து நிற்கின்றன, பூசையில் ஜனங்கள் நிற்கிறது மாதிரி. நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தேன். மெழுகு எந்தச் சூட்டில் இளகும், எதில் உருகும் என்று எனக்குத் தெரியாதா. முப்பது வருஷத் தொழில். ஆனால் ஆஸ்பத்திரி மெழுகைப் பற்றித் தெரியாது. வீட்டுக்கு ஓடி வந்து பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

பெட்டிக்குள் வைக்கவில்லை. வைக்கத்தான் எடுத்தேன். தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, நடுவில் பழுப்பாய்ப் புளியங்கொட்டை அளவு. ஓரத்தில் நம்பர். பெட்டியை மூடப் போகிறார்கள், நான் முந்தானைக்குள் பிடித்திருக்கிறேன். விரல் விரியவில்லை. மூடி, ஆணி அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், கையில் இருக்கிறது. சூடு படக்கூடாதே என்று பானை மணலில் புதைத்தேன். அன்றிலிருந்து தண்ணீர் தெளிக்கிறேன். தண்ணீர் மொள்ளும்போது குனிந்து ஒரு வார்த்தை பேசிவிட்டு எழுந்திருக்கிறேன். மகள் போனவள் என்று ஊர் சொல்கிறது. பாதிதான் போயிருக்கிறாள்.

அறுப்பார்கள் என்று மேடம் சொன்னார். மெல்லிசாகச் சீவித்தான் சோதிப்பார்களாம். அவளை எத்தனை தரம் அறுப்பது.

இன்னொன்று. பிலோமி வேண்டாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறேன். பிலோமி சொல்லவில்லை. அவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் வெளியே வந்து, இந்த மாதிரி ஒரு சோதனை இருக்கிறது, அவங்ககிட்ட பேசலாமா என்றாள். அவளைத் தொந்தரவு பண்ணாதீர்கள், எங்களுக்கு வேண்டாம் என்றேன். அப்போதே எனக்கு அம்மாவின் வயிறு ஞாபகம் வந்தது. சலேத் கல்யாணம் ஞாபகம் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்றாம் ஓலை. அந்த வரி வரும்போது இருமல் வந்தது. வெளியே எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சலேத் வேலைக்குப் போனதும் தூக்குவாளியில் ஈரமணலைப் போட்டு, நடுவில் அவளை வைத்து மூடித் திருச்சி பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டு அம்மாள், "என்ன அக்கா, குழம்பா? மடியிலேயே வச்சிருக்கீங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

மேடம் மேசையில் வாளியைத் திறந்தேன். மணலைக் கிளறி எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. நல்லா வச்சிருந்திருக்கீங்க" என்றார்.

அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். இருக்கிற உண்மையெல்லாம் சொன்னேன். அம்மா வயிறு, செங்கோல் சித்தி, வேண்டாம் என்றது நான்தான் என்பது வரை.

மேடம் கம்ப்யூட்டரில் பிலோமியின் பழைய பக்கத்தைத் திறந்தார். "இதை உங்ககிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு நானும் யோசிச்சேன். பழி போடறதுக்கு இல்ல. உங்க பொண்ணு விஷயம், உங்களுக்குத் தெரியணும்" என்று வாசித்தார். நோயாளி நர்ஸிடம் கேட்டார்: இது என் தங்கச்சிக்கு வருமா, பார்க்க வழி இருக்கிறதா. தாயார் மறுத்தார். அடுத்த முறை நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும்.

"அடுத்த முறை?" என்றேன்.

"அடுத்த முறை அவங்க நேரா வார்டுக்குத்தான் வந்தாங்க. பேசற நிலைமையில இல்ல. அப்ப நான் இங்க இல்ல. இருந்திருந்தாலும் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல."

அவளாகத்தான் கேட்டிருக்கிறாள். அதனால்தான் நர்ஸ் வெளியே வந்திருக்கிறாள். ஊசிக்கையோடு படுத்துக்கொண்டு தங்கச்சிக்காகக் கேட்டவளுக்கு நான் கதவுக்கு வெளியே நின்று பதில் சொல்லியிருக்கிறேன்.

மேடம் ஒரு தாளை வைத்தார். ரத்தம் மாதிரி இதில் தெளிவாக வராமல் போகலாம் என்றார். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. கீறல் தெரிந்தால் சலேத்துக்கு அதை மட்டும் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்லிவிட்டு, "பிலோமிக்குக் கல்யாணம் ஆகலைங்கிறதால நீங்கதான் கையெழுத்துப் போடணும்" என்றார்.

பேனாவை எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன்.

"அவ தங்கச்சியைக் கேட்டுட்டு வரேன் மேடம். அதுவரைக்கும் கத்தி வைக்காதீங்க."

"வைக்க மாட்டேன்" என்றார். ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி அலமாரியில் வைத்தார். கதவு மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் மணலைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பழக்கத்தில் மணலுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஐந்து நாள் சொல்ல வாய் வரவில்லை. இன்று பூசை முடிந்து வந்து, சலேத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சொன்னேன். பானையடியில் உன் அக்கா இருந்தாள் என்று.

"தெரியும்மா" என்றாள்.

"எப்படி?"

"ஏப்ரல்ல பானை கழுவறப்ப பாத்தேன். திரும்ப மூடிட்டேன். நீ கடைக்குப் போனப்புறம் நான்தான் தண்ணி தெளிப்பேன்."

"அன்னைக்கு மேடம்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொல்வேன்னு இருந்தேன். போன திங்கக்கிழமை மணலைத் தொட்டுப் பாத்தேன், இல்ல. கடல்ல போட்டுட்டியோன்னு பயந்துட்டேன்."

பிறகு கதவுக்கு வெளியே நான் சொன்ன பதிலைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எழுதியிருப்பதையும் சொன்னேன். பாதிப் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். "அக்கா கேட்டுச்சா" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். எழுந்து கடல் பக்கம் போனாள். மத்தியானச் சோறு ஆறிப்போனது.

வெயில் தாழ்ந்து வந்தாள். காலெல்லாம் மணல். "பாக்கட்டும்மா. எனக்குத் தெரியணும்" என்றாள்.

"ஜெரோம் வீட்டுல..."

"ஜெரோம்கிட்ட முதல் ஓலைக்கு முன்னாடியே சொல்லிட்டேன். பயந்துதான் போனாரு. ரெண்டு நாள் போனே இல்ல. மூணாவது நாள் போன் பண்ணி, எத்தனை மணிக்கு பஸ்னு கேட்டாரு, கூட வரேன்னு. நான்தான் வேண்டாம், இது நானும் அம்மாவும் போற பஸ்னு சொன்னேன்."

கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னதும் அவளேதான். லீமா வந்து சாமியாடினாள். ஓலை வாசித்துத் தள்ளினால் ஊர் என்ன பேசும் என்றாள். "தடை தெரிஞ்சா சொல்லணும்னு மூணு வாரமா கேட்டாங்கல்ல அத்தை? தடையான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் சலேத். லீமா காபி குடிக்காமல் போனாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து குடித்தாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இரண்டு பேரும் போனோம். சலேத் தாள் முழுக்க வாசித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். ஆறு வாரம் ஆகுமாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கொடியேற்றம். காவித்துணி கட்டிய ஜனம் எங்கெங்கிருந்தோ நடந்தே வந்து சேர்ந்திருக்கிறது. இன்று சொப்பனமா நிஜமா தெரியவில்லை. கூட்டத்தில் எல்லார் கையிலும் என் கடை வத்தி. ஒவ்வொன்றிலும் ஒரு கீறல். ஆனாலும் எல்லாம் எரிகிறது.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். கால் நிற்கவில்லை. டீ கிளாசில் வார்த்த நெஞ்சு பதினொன்று போனது. எல்லாரும் தரையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். இனிமேல் அதையும் கண், கால் வரிசையில் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி வைக்கப் போகிறேன்.

ஜூலையில் வந்த முக்காட்டுப் பெண்ணும் வந்தாள். முடியெல்லாம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஏதோ ஜீன் டெஸ்ட்டாம், என்ன பண்ணட்டும் அக்கா என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அச்சுக் கதையைச் சொன்னேன். "உன்னை வச்சுக்கிட்டுப் பேசச் சொல்லு. உனக்குப் பதிலா யாரையும் பேச விடாத" என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

திருச்சி. முடிவு வந்துவிட்டது.

அட்டெண்டர் அம்மாள் கதவைத் திறந்து, "சலேத் மேரி. அம்மா, நீங்களும் வாங்க" என்றாள். நான் எழுந்துவிட்டேன். ஒரு அடி வைத்தும்விட்டேன். பிறகு உட்கார்ந்தேன்.

"அவளைக் கேளுங்க. வரச் சொன்னா வரேன்."

சலேத் என்னைப் பார்த்தாள். "நான் மட்டும் போறேம்மா" என்றாள். கதவு மூடியது.

சோதித்தது போக மீதி மெழுகுக் கட்டியைக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள். மடியில் வைத்திருந்தேன். சீவி எடுத்தது கண்ணுக்கே தெரியவில்லை. பழுப்புப் பொட்டு அப்படியே இருக்கிறது, கொஞ்சம் பளபளப்பாய். அந்த வராந்தாவில் நீளமாய் வெயில் விழுந்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் என் கால்வரைக்கும் வந்தது. கவரை நிழல் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. சலேத் முகத்தில் அழுத தடம் இருந்தது. நான் கேட்கவில்லை.

"அக்காகிட்ட இருந்துச்சும்மா" என்றாள்.

"ம்."

"எனக்கு இருக்கான்னு பாக்கலாம்னாங்க. இன்னைக்கே வேணாலும் எடுக்கலாமாம். நான் யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டேன். இருந்தா என்ன பண்ணுவேன்னு முதல்ல யோசிக்கணும்."

"யோசி."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோள் தோளில் பட்டது. அப்போது மேடமே கதவுக்கு வந்தார். "அம்மா, இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அது உங்ககிட்ட இருக்கான்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமா, வேண்டாமான்னு. உள்ள வந்து பேசலாமா?"

சளி இல்லை. இருமல் இல்லை. சலேத் வாயைத் திறக்கப் போனாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அவள் மடியில் பிலோமியைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போனேன்.